உள்பக்கத்துச் சிலுவையம்மாள்

ராயபுரம் கல்மண்டபத்தில் போய்ச் சிலுவையம்மாள் வீடு எது என்று கேட்டால், எந்தச் சிலுவையம்மாள் என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரில் அந்த வட்டாரத்தில் ஏகப்பட்ட பேர். இட்லிக்கடைச் சிலுவையம்மாள் உண்டு, ஐஸ் கம்பெனிச் சிலுவையம்மாள் உண்டு, சண்டைக்காரச் சிலுவையம்மாள் என்று தனியாக ஒருத்தி உண்டு. நம்முடைய ஆளுக்கு வாய்த்த அடைமொழி ‘உள்பக்கத்துச் சிலுவை’. கேட்கிறவர்களுக்கு, ஏதோ ஒண்டுக்குடித்தனத்தில் உள்பக்கம் குடியிருப்பவள் போலிருக்கிறது என்று தோன்றும். விஷயம் அதுவல்ல. தண்டபாணியின் கடைசல் பட்டறையில் மரக் கிண்ணங்களின் உள்பக்கத்தைத் தேய்த்து, வழவழப்பாக்கி, தூசி போகத் துடைத்து வைப்பது அவள் வேலை. வெளிப்பக்கத்தை அவள் தொடமாட்டாள். அது தண்டபாணியின் பாடு.

வெளிப்பக்கம் தேய்ப்பதையெல்லாம் ஒரு வேலை என்றே அவள் ஒத்துக்கொள்வதில்லை. அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. கிண்ணம் மிஷினில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே உப்புத்தாளை வெளியில் பிடித்தால், அது பாட்டுக்கு வழவழப்பாகிவிடும். உள்பக்கம் அப்படி லேசில் மசியாது. நடுவில் உளி கடைசியாக நின்ற இடத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும். பட்டறையில் அதற்குத் தொப்புள் என்று பெயர். எதிரெதிராக இரண்டு இடத்தில் மரத்தின் நார் உளிக்கு எதிர்த்து நின்று சிலாம்பு சிலாம்பாக முறைத்துக்கொண்டிருக்கும். மிஷினிலேயே தேய்த்தால் வட்ட வட்டமாகக் கோடு விழும். அந்தக் கோடு போகக் கையை உள்ளே விட்டு நார் ஓடுகிற பக்கமாகவே தேய்க்க வேண்டும். முதலில் முரட்டுத் தாள், பிறகு நடுத்தரம், கடைசியில் நைஸ் தாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் துடைக்க வேண்டும். முரட்டுத் தாளின் மணல் ஒன்றே ஒன்று உள்ளே தங்கிவிட்டாலும் போச்சு, நைஸ் தாளுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கீறிவைத்துவிடும். அதன் பிறகு ஈரத்துணியால் ஒரு தடவை துடைப்பாள். படுத்துக்கிடந்த நார் எல்லாம் தண்ணீர் பட்டதும் எழுந்து நிற்கும். காய்ந்ததும் அவற்றையும் ஒரு வழி பண்ணுவாள். கடைசியில் இலவம்பஞ்சை ஒரு சிட்டிகை எடுத்து உள்ளே சுற்றிலும் இழுத்துப் பார்ப்பாள். ஒரு இழை எங்காவது சிக்கினால், அந்தக் கிண்ணம் மறுபடியும் மடிக்கு வந்துவிடும்.

இந்த வேலைக்கு அவள் வந்து சேர்ந்ததே ஒரு வேடிக்கை. அறுபதுகளின் நடுவில், கணவன் அம்புரோஸ் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போக, அவள் மீன் கூடை தூக்கிக்கொண்டிருந்தாள். கூடை தூக்கித் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொண்டது. தலையைத் திருப்ப முடியாமல், யாராவது கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு நிற்பாள். அந்த நாளில்தான் அடுப்பெரிக்க மரச்சீவல் பொறுக்கப் பட்டறைக்குப் போனாள். தண்டபாணி அப்போதுதான் கட்டில் கால் கடைவதிலிருந்து கிண்ணத்துக்கு மாறியிருந்தார். சாலையோரத்தில் புயலுக்குச் சாய்ந்த தூங்குமூஞ்சி மரம் ஒன்று ஏலத்தில் அவருக்குக் கிடைத்திருந்தது. அதன் தடித்த அடிமரத்தைக் கட்டில் காலாக அறுக்க மனம் வராமல், கிண்ணமாகக் கடைந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் அடுக்கியிருந்த கிண்ணம் ஒன்றில் சிலுவையம்மாள் சும்மா கையை விட்டுப் பார்த்தாள். ‘இன்னா மேஸ்திரி, உள்ள முள்ளு கீது’ என்றாள். தண்டபாணிக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் விரல்கள் வாழைப்பழம் மாதிரி தடித்தவை. அந்தக் குழிக்குள் போய் வளைவது அவற்றால் ஆகிற காரியமில்லை. அவள் கை சின்னது. மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

வந்த முதல் நாளே, போய் உப்புத்தாள் வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பினார். அவள் நேராக மளிகைக் கடைக்குப் போய், உப்பு கட்டிக்கொடுக்கிற பழுப்புத் தாளில் ஒரு பொட்டலம் கட்டி வாங்கிவந்து, உப்பைக் கொட்டிவிட்டுத் தாளைத் தேய்க்கவா, உப்போடு சேர்த்துத் தேய்க்கவா என்று கேட்டாள். தண்டபாணி அன்றைக்கெல்லாம் சிரித்தார். சிரித்து முடித்ததும், இந்தப் பெண்பிள்ளையிடம் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடியே நடக்கும், பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. அதற்குத்தான் பின்னால் அனுபவித்தார்.

சிலுவையம்மாளுக்கோ அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. பிடித்துப்போனது என்பதுகூடக் குறைச்சல்தான். அதில் ஒரு கர்வமே வந்துவிட்டது. உட்கார்ந்த இடம், தலைக்கு மேல் ஓடு, மடியில் கிண்ணம், கையில் தாள். கழுத்து வலி போன இடம் தெரியவில்லை. தேய்த்துக்கொண்டே கிண்ணத்தைத் திட்டுவாள், கொஞ்சுவாள், ஊர்க்கதை எல்லாம் அதனிடம் சொல்வாள். வீட்டில் சோற்றுப்பானையின் உள்பக்கத்தை மட்டும் பளபளவென்று தேய்த்துவைத்துவிட்டு, வெளிப்பக்கத்தைக் கரியோடு விட்டுவிடுவாள் என்று அம்புரோஸ் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அப்படி அவன் பரப்பிய பெயர்தான் உள்பக்கத்துச் சிலுவை. அவள் அதற்குக் கோபித்துக்கொள்ளவே இல்லை. மற்றச் சிலுவையம்மாள்களுக்கெல்லாம் இட்லியாலும் ஐஸாலும் சண்டையாலும் பெயர் வந்தது. தனக்குத் தன் கைவேலையால் வந்தது என்று அதையும் ஒரு பெருமையாக எடுத்துக்கொண்டாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தேவப்பிரியம் அண்ணாச்சியின் ஆர்டர் வந்தது. தூத்துக்குடிப் பக்கத்து ஆள். பாரிமுனையில் ஓட்டல்களுக்குப் பாத்திரபண்டம் சப்ளை செய்கிற கடை வைத்திருந்தார். பெரிய ஓட்டல் ஒன்றில் புதிதாகச் சாப்பாட்டு ஹால் திறக்கிறார்கள், மேஜைக்கு மேஜை பழம் வைக்க மரக்கிண்ணம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அதுவரை ஒன்றும் இரண்டுமாகப் போய்க்கொண்டிருந்த பட்டறைக்கு அது பெரிய ஆர்டர். தண்டபாணி கடைந்தார், சிலுவையம்மாள் தேய்த்தாள். கடைசியில் எண்ணெய் போடுவது ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத் தண்டபாணியின் மச்சினன் மகளுக்கு வேலூரில் கல்யாணம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடியபடியே, எண்ணெய் வாங்கிப் போட்டு வை, வண்டிக்காரத் தமீமிடம் கொடுத்து அண்ணாச்சி கடைக்கு அனுப்பிவிடு என்றார். என்ன எண்ணெய் என்று அவள் கேட்டாள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அவர் சொன்ன பதில் இதுதான்.

“படகுக்குப் போடுற மாதிரி போடும்மா. நல்லா ஊற ஊற.”

படகுக்கு எவ்வளவு தாராளமாகப் போடுவார்களோ அவ்வளவு தாராளமாகப் போடு என்பது அவர் சொல்ல வந்தது. ஆளிவிதை எண்ணெய் என்ற பெயர் அவர் வாயில் வரவேயில்லை. அது அவளுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டார். சிலுவையம்மாளுக்கு எப்படித் தெரியும்? அதுவரை எண்ணெய் போடுவது அவர் வேலையாகவே இருந்தது. ஆனால் படகுக்கு என்ன எண்ணெய் போடுவார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்பா படகுக்காரர். கரையில் கவிழ்த்துப்போட்ட படகின் மேல் சின்ன வயதில் அவளே துணியை முக்கி முக்கிப் பூசியிருக்கிறாள். நேரே கரைக்குப் போனாள். ஒரு தகர டின் நிறைய மீனெண்ணெய் வாங்கிவந்தாள்.

பூசினாள், பாருங்கள், அப்படிப் பூசினாள். தூங்குமூஞ்சி மரம் எண்ணெயைக் குடிக்கக் குடிக்க நிறம் கொடுத்தது. உள்ளே இருந்த கரும்பழுப்பு ரேகையெல்லாம் எழுந்துவந்தது. வெளிப்பக்கம் ஒரு கை பூசினால், தன்னுடைய உள்பக்கத்துக்கு ஓரவஞ்சனையாக மூன்று கை பூசினாள். வெயிலில் காயவைத்தாள். அந்த வழியாகப் போன எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வலைக்காரர்கள் பார்த்தார்கள், ஐஸ் கம்பெனி ஆட்கள் பார்த்தார்கள், மீன் கூடைப் பெண்கள் இறக்கிவைத்துவிட்டே பார்த்தார்கள். எல்லோரும் மெச்சினார்கள். ஒருவராவது, ஒரே ஒருவராவது, என்ன இது நாற்றம் என்று கேட்க வேண்டுமே. கேட்கவில்லை. கல்மண்டபத்தில் நின்றுகொண்டு மீன் நாற்றம் யாருக்குத் தெரியும்? வேலூரிலிருந்து திரும்பிவந்த தண்டபாணி ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிரமாதம் என்றார். அவருக்கு மரத்தூளில் வருஷக்கணக்காக மூக்கு அடைப்பு. சாம்பிராணியும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. தமீம் வைக்கோல் போட்டு அடுக்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

இரண்டாம் நாள் அதே வண்டியில் அதே கிண்ணங்கள் திரும்பிவந்தன. கூடவே தேவப்பிரியம் அண்ணாச்சியும் வந்தார், மூக்கில் கைக்குட்டையோடு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கோபத்தில் காது இரண்டும் சிவந்திருந்தன. ஒரு கிண்ணத்தை எடுத்துத் தண்டபாணியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஓய் மேஸ்திரி, இதை மரத்துல கடைஞ்சீரா, மாசிக் கருவாட்டுல கடைஞ்சீரா? ஆப்பிள் பழத்தை உள்ள வச்சா கருவாட்டு வாடை அடிக்கு. ஓட்டல்காரன் என்னைய வாசல்லயே நிப்பாட்டிட்டான்.”

தண்டபாணி மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அண்ணாச்சி பொய் சொல்கிற ஆளில்லை என்பது தெரியும். சுற்றும் முற்றும் பார்த்தார், வாசலில் தமீம் நின்றிருந்தான். வலையும் கூடையும் ஏற்றுகிற வண்டி அவனுடையது. தண்டபாணிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. உன் கலீஜ் வண்டியால்தான் என் பிழைப்பு போச்சு என்று அவன் மேல் பாய்ந்தார். இனிமேல் அந்த வண்டி இந்தத் தெருவுக்குள் வரக்கூடாது என்றார்.  கிண்ணம் ஏற்றிய அன்றைக்கு வண்டியைக் கழுவிவிட்டு, வீட்டிலிருந்து புது வைக்கோல் கொண்டுவந்து போட்டவன் தமீம். தன்னை அறியாமல் அவன் சிலுவையம்மாளைத் திரும்பிப் பார்த்தான்.

சிலுவையம்மாளுக்கு அண்ணாச்சி ‘கருவாட்டு வாடை’ என்று சொன்னபோதே விஷயம் புரிந்துவிட்டது. டின் இன்னும் மூலையில்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி தமீமோடு போயிருக்கும். அவனும் ரெண்டு நாள் கத்திவிட்டு வேறு தெருவுக்குப் போயிருப்பான். அந்த யோசனை அவளுக்கு வராமலில்லை, வந்தது. ஆனால் அவன் பார்த்த பார்வைக்கு எதிரில் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மடியிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“வண்டி மேல தப்பு இல்ல மேஸ்திரி. எண்ணெ போட்டது நானு. மீனெண்ணெ.”

“மீனெண்ணெயா?”

“நீங்கதான சொன்னீங்க, படகுக்குப் போடுற மாதிரின்னு.”

 தான் சொன்னது தண்டபாணிக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் வந்துவிட்டது. அப்படியே ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தது தமீம்தான், அதுவும் அடக்கப்பார்த்து முடியாமல். அடுத்து, கைக்குட்டைக்குப் பின்னால் அண்ணாச்சியின் தோள் குலுங்கியது. ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். சிரித்து முடித்ததும், ஹால் திறக்க நாள் இருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமை வருவேன், வாடை போயிருந்தால் எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் மைசூர்ப் பக்கம் ஆர்டர் சொல்லிவிடுகிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்த பிறகு தண்டபாணி திட்டியிருந்தால் சிலுவையம்மாள் தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் திட்டவில்லை. கிண்ணம் நமக்குச் சரிப்படாது என்று ஓய்ந்துபோன குரலில் சொன்னார். கட்டில் காலுக்கே போய்விடலாம், கட்டில் காலை எவனும் மோந்து பார்க்க மாட்டான் என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னதுதான் அது. அவளுக்கு அது ஆறுதலாகப் படவில்லை. கட்டில் காலுக்கு உள்பக்கம் ஏது? முழுக்க முழுக்க வெளிப்பக்கம். கிண்ணம் போனால் அவள் வேலையும் போகும்; மறுபடி மீன் கூடை, மறுபடி கழுத்து. கூடையைக்கூடச் சமாளித்துவிடலாம். இந்தக் கைக்கு என்று ஒரு வேலை இருந்ததே, அது போய்விடும் என்பதுதான் அவளால் பொறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் மிஷினில் கட்டில் கால் ஏற்றாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். சரி என்றார்.

அன்று மத்தியானமே தொடங்கினாள். முதலில் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். எண்ணெய் ஏறியிருந்த மரம் தாளைப் பிடித்துக்கொண்டது. நாலு இழுப்பில் தாள் அடைத்துப் பிசுபிசுத்தது. புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், கழுநீரில் கழுவினாள். மீன் கழுவிய கைக்கு என்னென்ன செய்வாளோ அத்தனையும் செய்தாள். கை வேறு, மரம் வேறு. மூன்று கை பூசிய எண்ணெய் உள்ளே குடியேறி உட்கார்ந்திருந்தது. எண்ணெயை முதலில் வெளியே இழுக்க வேண்டும் என்று தெரிந்தது, எதை வைத்து இழுப்பது என்றுதான் தெரியவில்லை. வழி சொன்னது தமீம். சலவைக்காரர்கள் எண்ணெய்ச் சட்டையை உவர்மண்ணில் போட்டு எடுப்பார்களே, அதைப் போட்டுப் பாருக்கா என்றான். சொன்னதோடு நிற்காமல் எண்ணூர்ப் பக்கம் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், கழிமுகத்து ஓரமாகப் பூத்துக்கிடந்த உவர்மண்ணைக் கோணி கோணியாக வாரிவந்து கொட்டினான். தன் வண்டிக்கு நல்ல பெயர் திரும்பிவர வேண்டும் என்று அவனுக்கும் ரோஷம்.

மண்ணைச் சலித்து, வெந்நீரில் களியாகக் குழைத்து, கிண்ணத்தின் உள்ளும் புறமும் அப்பி, ஓட்டின் மேல் வெயிலில் வைத்தாள். வெயிலில் எண்ணெய் இளக இளக மண் அதைக் குடித்தது. சாயங்காலம் தட்டி உதிர்த்தால், மண் பழுப்பேறிப் பிசுக்காக விழுந்தது. மறுநாள் மறுபடி அப்பினாள். மரம் வறண்டு வெளிறியதும் உப்புத்தாள் பழையபடி பேச ஆரம்பித்தது. அவளுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பாதி உயிர் வந்தது. வெளிப்பக்கத்தைத் தண்டபாணி மிஷினில் ஏற்றித் தேய்த்தார். அவருக்கும் மெல்லச் சூடு பிடித்திருந்தது. உள்பக்கம் முழுவதும் முதலிலிருந்து: முரட்டுத் தாள், துடைப்பு, நடுத்தரம், துடைப்பு, நைஸ், ஈரத்துணி, பஞ்சு. விரல் நுனியெல்லாம் தோல் தேய்ந்து, சோறு பிசையும்போது காந்தியது. அம்புரோஸ் இரண்டு நாள் பிசைந்து கொடுத்தான். ‘இன்னாமே, கிண்ணத்தத் தேய்க்கச் சொன்னா கைய தேய்ச்சிக்கினு வந்துகீற’ என்று கேலி பண்ணிக்கொண்டேதான் கொடுத்தான்.

கோயிலுக்கும் போய் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அங்கேதான் ஒரு சின்னக் குழப்பம். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அந்தோணியார். இவளுக்கோ ஒன்று தொலைய வேண்டியிருந்தது. சரி, இத்தனை பொருளைக் கண்டுபிடித்தவருக்கு ஒன்றைத் தொலைக்கவா தெரியாது என்று அதையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

எல்லாம் ஆயிற்று, வாடை போயிற்றா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அம்புரோஸ் மோந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்றான். தமீம் இல்லை என்றான். வலைக்காரர், ஐஸ்காரர், இட்லிக்கடைச் சிலுவையம்மாள், எல்லோரும் இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணினார்கள். இதே ஆட்கள்தான் மீனெண்ணெய் சொட்டச் சொட்ட இருந்தபோதும் ஒரு வாடையும் தெரியாமல் மெச்சிவிட்டுப் போனவர்கள். ராயபுரத்து மூக்கை நம்பி வெள்ளிக்கிழமையை எதிர்கொள்ள அவள் தயாராயில்லை. அண்ணாச்சியின் மூக்கைப் போல இந்தத் தெருவில் மீனை மீன் என்று கண்டுபிடிக்கிற மூக்கு ஒன்றாவது இருக்காதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், ஓட்டின் மேல் அந்தக் கடுவன் பூனையைப் பார்த்தாள்.

நாலைந்து நாளாகவே அது அங்கே சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மீன் இறங்குகிற கரையிலேயே தின்று கொழுத்த பூனை. சாதாரண மீனைத் திரும்பியும் பார்க்காது. ஆனால் மண் அப்பாத கிண்ணம் எதைக் கண்டாலும் உள்ளே தலையை விட்டு நக்கிக்கொண்டிருந்தது. அவள் கல்லை எறிந்து விரட்டியிருக்கிறாள். இப்போது அதே பூனையைக் கூப்பிட்டு, தேய்த்து முடித்த கிண்ணங்களை வாசலில் வரிசையாகப் பரப்பிவைத்தாள். பூனை ஒவ்வொன்றாக மோந்துகொண்டே வந்தது. ஒன்றைத் தாண்டியது, அடுத்ததைத் தாண்டியது. ஒரு கிண்ணத்தில் நின்று நாக்கை நீட்டியதும், அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். இன்னொரு தடவை உவர்மண், இன்னொரு தடவை தாள். வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பூனை சொன்னதுதான் சட்டம். அந்தச் சாயங்காலம் அது வரிசை முழுவதும் மோந்து, கடைசிக் கிண்ணத்தில் மரத்தூள் ஏறி ஒரு தும்மல் போட்டுவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது. தண்டபாணி ஆளிவிதை எண்ணெயை எடுத்துவந்தார். இந்தத் தடவை எண்ணெயின் பெயரை அவளுக்கு இரண்டு தரம் சொன்னார். அவளும் இரண்டு தரம் திருப்பிச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பட்டறையைத் திறந்தால், இருக்கிறதிலேயே பெரிய கிண்ணத்துக்குள் அந்தப் பூனை சுருண்டு படுத்திருந்தது.

தண்டபாணிக்கு முகம் வெளுத்துவிட்டது. வாடை இருக்கிறது, அதுதான் பூனை வந்துவிட்டது என்றார். அதை விரட்ட அவர் விளக்குமாற்றைத் தேடுவதற்குள் தேவப்பிரியம் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். அவர் கண் நேராகப் பூனை மேல் போயிற்று. கைக்குட்டை பையிலிருந்து பாதி வெளியே வந்தது.   இத்தனை நாள் பட்டதெல்லாம் ஒரு பூனை தூங்கியதில் போய்விடுமா என்று சிலுவையம்மாளுக்கு அழுகைகூட வந்தது. அழுவதற்குப் பதிலாகப் பூனையையே உற்றுப் பார்த்தாள். அது நக்கவில்லை, மோந்து பார்க்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, நல்லா பாருங்க. துன்ற தட்டுல எந்தப் பூனையாவது பட்த்துத் தூங்குமா? வாசம் இருந்தா நக்கிகினு இல்ல இருக்கும்? வழவழன்னு கீதுன்னு வந்து பட்த்துகினு கீது.”

அண்ணாச்சி யோசித்தார். ஊரில் பூனை வளர்த்தவராக இருக்க வேண்டும். மெதுவாகத் தலையை ஆட்டினார். ஆனாலும் அவர் பூனையின் சாட்சியை மட்டும் வைத்து வியாபாரம் செய்கிறவர் இல்லை. அடுக்கிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு நன்றாக இழுத்தார். இன்னொன்றை எடுத்தார். அடியிலிருந்து ஒன்றை உருவி எடுத்தார். கைக்குட்டை பைக்குள் போயிற்று. ஓட்டலுக்கு இன்றைக்கே அனுப்பிவிடலாம் என்றார். தண்டபாணி விட்ட மூச்சில் மேஜை மேலிருந்த மரத்தூள் பறந்தது.

பிறகு ஆண்கள் இரண்டு பேரும் நின்று பேசினார்கள். எந்த நேரத்தில் வண்டி வர வேண்டும், அடுத்து எந்த அளவில் வேண்டும், வேலூர்க் கல்யாணம் எப்படி நடந்தது, பஸ்ஸில் கூட்டமா என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. சிலுவையம்மாள் அதையெல்லாம் கேட்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணாச்சியின் வலது கையை. அடியிலிருந்து உருவிய கிண்ணம் இன்னும் அவரிடமே இருந்தது. விரல்கள் உள்ளே போயிருந்தன. பேசப் பேச அவை உள்பக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. விளிம்பிலிருந்து இறங்கின, தொப்புள் இருந்த இடத்தைத் தடவின, எதிர்ப்பக்கம் ஏறின, மறுபடி இறங்கின. தன் கை என்ன செய்கிறது என்பது அவருக்கே தெரியவில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்துவிடுவோமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பேச்சை முடித்து, வரட்டுமா என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். கிண்ணத்தோடேயே கிளம்பினார். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, தமீமின் வண்டியையும் தாண்டிவிட்டார், கை உள்ளேயே இருக்க. தண்டபாணிக்குக் கூப்பிடக் கூச்சம். சிலுவையம்மாள்தான் பின்னாலேயே ஓடினாள்.

“அண்ணாச்சி, கிண்ணத்த வச்சிட்டுப் போங்க.”

அவர் நின்றார். குனிந்து தன் கையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது போலிருந்தது. கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். கொடுக்க நீட்டிய கிண்ணத்தைப் பாதி வழியில் நிறுத்தி, தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இது ஓட்டலுக்கு வேண்டாம்மா. இது என் வீட்டுக்கு இருக்கட்டும்.”

அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவள் நின்று பார்த்தாள். அப்போதும் அவர் கை வெளியே வரவில்லை. உள்ளே வந்தபோது தண்டபாணி மிஷினில் அடுத்த தூங்குமூஞ்சிக் கட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார், கிண்ணத்துக்காக. பூனை எழுந்திருக்கவில்லை. அதை எழுப்பாமல், அது படுத்திருந்த கிண்ணத்தை அப்படியே ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு, சிலுவையம்மாள் முரட்டுத் தாளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.